முகவரி அட்டையும் வாடிக்கையும்

நமது அங்கத்தினர் பலர் அண்மையில் ஒரே வினாவை வெவ்வேறு விதமாக நம்மிடம் எழுப்பி வருகின்றனர். ‘விசிட்டிங் கார்டு’ என்று ஊரெங்கும் வழங்கும் முகவரி அட்டையை அச்சிட்டுக் கொடுத்தால் புதிய வாடிக்கைக்காரர்கள் கிடைப்பார்களா என்பதே அவ்வினா. கண்காட்சிக்குச் சரக்குடன் சென்று திரும்பிய நெசவாளர் கேட்கிறார். மஞ்சளைத் தாமே அரைத்துப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கியுள்ள விவசாயி கேட்கிறார். தறி பழுது பார்ப்பவரும் பம்புசெட்டு மெக்கானிக்கும் கேட்கின்றனர். ஒவ்வொரு நெசவாளர் பெயரிலும் சங்கத்தின் செலவிலேயே அட்டை அச்சிட வேண்டுமென்று சிலர் கோருகின்றனர். அவ்வாறு செய்வது சங்கத்தின் வேருக்கே வெந்நீர் ஊற்றுவதாகும் என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இரு தரப்பாரும் நம்மவரே. ஆகவே இவ்விஷயத்தில் நமது கருத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைப்பது நமது கடமை எனக் கருதுகிறோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். அட்டை வாடிக்கையை உண்டாக்குவதில்லை. உண்டான வாடிக்கைக்கு வழி காட்டுகிறது. வாடிக்கையை உண்டாக்குவது சாயம் போகாத நூலும், அளவு குறையாத நெசவும், சொன்ன தேதியில் சரக்கை ஒப்படைக்கும் நாணயமுமேயாகும். இவை இல்லாதவர் பொன்னெழுத்தில் அட்டை அச்சிட்டாலும் பயனில்லை. தம்மை எங்கே வந்து குறை கூறலாம் என்பதைத்தான் அவர் பிறருக்கு அறிவித்தவராவார்.

இத்தகைய அட்டைகளின் பூர்விகமும் இதற்குச் சான்றாக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் லண்டன் மாநகரில் வணிகர்கள் தங்கள் தொழிலைக் குறிக்கும் அட்டைகளை அச்சிட்டு வழங்கினர். அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நகரத்துக் கட்டடங்களுக்கு எண்கள் கிடையா. இன்ன தெருவில், இன்ன அடையாளப் பலகை தொங்கும் கடை என்றே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு முறை வந்தவர் மறுமுறையும் தவறாமல் வந்து சேரவும், அவர் அனுப்பும் நண்பர் வழி கேட்டு அலையாதிருக்கவும் அட்டை உதவிற்று. அன்று அது செய்த பணியே இன்றும் அதன் பணி.

சென்ற ஆண்டு ஒரு கைத்தறிக் கண்காட்சியில் நாம் நேரில் கண்டதை இங்கே கூற விரும்புகிறோம். ஓர் அம்மையார் தம் செல்பேசியில் ஒரு பவானி ஜமக்காளத்தின் படத்தைக் காட்டி, “இது பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது, இன்னும் நிறம் மங்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு இதே கையால் நெய்தது இரண்டு வேண்டும். நெய்தவர் யார் என்று சொல்ல முடியுமா?” என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வாங்கிய அன்று ஓர் அட்டை கொடுத்தார்களாம். வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டதாம். நம்மாலும் விடை கூற இயலவில்லை. வரி அமைப்பைப் பார்த்துச் சிலர் ஏதேதோ ஊகித்தனர். கடைசியில் அம்மையார் வேறு ஏதோ ஒன்றை அரைமனத்துடன் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஜமக்காளத்தை நெய்தவர் நமது அங்கத்தினராகவே இருந்திருக்கலாம். அம்மையார் அவரைத் தேடிய அந்த நாளில், அவர் தறி பாவின்றிச் சும்மா கிடந்திருக்கவும் கூடும். பன்னிரண்டு ஆண்டு உழைத்துத் தானே தேடி வந்த வாடிக்கை, ஒரு பெயர் இல்லாமையால் கைநழுவிப் போயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு பாடங்களைப் புகட்டுகிறது. நல்ல சரக்கு வாடிக்கையைத் தானே தேடித் தரும் என்பது முதலாவது. நீண்டநாள் உழைக்கும் சரக்குக்குக் காகித அட்டை ஏற்றதன்று என்பது இரண்டாவது. ஜமக்காளம் வாங்கியவர் மறுபடி வாங்குவதற்கு எத்தனையோ ஆண்டுகள் செல்லும். அதுவரை ஒரு சிறு அட்டை பணப்பையிலோ மேசை அறையிலோ தங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அட்டை தொலையும், ஜமக்காளம் தொலையாது. ஆகவே பெயரும் சங்கத்தின் விலாசமும் ஜமக்காளத்தின் மூலையிலேயே துணிப்பட்டையாகத் தைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கல்யாண வீட்டில் விரித்த ஜமக்காளத்தின் மேல் எத்தனை பேர் அமர்கிறார்கள்! அவர்களுள் ஒருவர் மூலையைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

இந்த உண்மையை அந்நிய ஆலை முதலாளிகள் நமக்கு வெகு முன்னரே கண்டுகொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஆலைத் துணிகளின் மேல் வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. நமது தெய்வங்களின் உருவங்களும் யானை, புலி முதலியவற்றின் படங்களும் அவற்றில் அச்சிடப்பட்டிருந்தன. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லி அதே துணியைக் கேட்டு வாங்க முடிந்தது. கடல் கடந்த ஆலைக்காரனுக்கு இந்தியக் கடைத்தெருவில் ஓர் அடையாளம் இருந்தது. அடுத்த தெருவில் நெய்யப்பட்ட கைத்தறித் துணியோ, ஊரின் பெயரால் அறியப்பட்டதேயன்றி நெய்தவரின் பெயரால் அறியப்படவில்லை. நாம் அந்தச் சீட்டுகளைப் போற்றவில்லை. அவை தாங்கி வந்த சரக்கு நமது தறிகளை எவ்வாறு வாட்டியது என்பதை நாடறியும். எனினும் பகைவனிடமிருந்தும் பாடம் கற்கலாம். அவன் தன் அடையாளத்தை வழிப்போக்கர் கையில் திணிக்கவில்லை. சரக்கின் மேலேயே பதித்தான்.

இனி, தொழிலுக்குத் தொழில் வேறுபாடு உண்டு என்பதையும் அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பம்புசெட்டு மெக்கானிக்கை எவரும் ஆசைப்பட்டு அழைப்பதில்லை. பயிர் வாடும்போது மோட்டார் நின்றுவிட்டால் அந்தக் கணத்தில் தேடுகிறார்கள். அப்போது எண் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். ஆகையால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஸ்டார்ட்டர் பெட்டியின் மீதே தம் பெயரையும் எண்ணையும் ஒட்டிவிட்டு வருகின்றனர். தறி பழுது பார்ப்பவரும், ஜக்கார்டு கட்டுபவரும் தறிமேடையில் இவ்வாறே செய்யலாம். வேலை முடிந்து கூலி பெறும் நேரத்தில் ஒட்டப்படும் சீட்டுக்கு உள்ள மதிப்பு, முன்பின் அறியாதவரிடம் நீட்டும் அட்டைக்கு இல்லை.

மஞ்சள் விவசாயியின் நிலை வேறு. விரலியையும் கிழங்கையும் ஏலத்துக்குக் கொண்டு செல்பவருக்கு அட்டையால் ஆவது ஒன்றுமில்லை. வாங்குபவர் மாதிரியைப் பார்த்து, ஒடித்து, நிறத்தையும் ஈரத்தையும் கணித்து விலை கூறுகிறார்; விளைவித்தவர் யார் என்று வினவுவதில்லை. ஆனால் அதே மஞ்சளைத் தூளாக்கிப் பொட்டலமிட்டு விற்பவருக்கு நிலைமை மாறிவிடுகிறது. உணவுப் பொட்டலத்தின் மீது தயாரிப்பாளரின் பெயரும் விலாசமும் உரிம எண்ணும் இருக்க வேண்டுமென்பது சட்டம். ஆகவே பொட்டலமே அவருடைய அட்டை. அது சமையலறையில் நாள்தோறும் இல்லத்தரசியின் கண்ணில் படுகிறது. தீர்ந்தவுடன் அதைப் பார்த்தே மறுபடி வரவழைக்கலாம். இத்தகையோர் தனி அட்டைக்குச் செலவிடும் பணத்தைப் பொட்டலத்தின் எழுத்தைப் பெரிதாக்குவதில் செலவிடுவது நன்று.

அட்டை எவருக்குத்தான் பயன்படும் என்று கேட்கலாம். வாங்கித் திருப்தியுற்றவரின் வாய்ச்சொல்லுக்குத் துணையாக வரும்போது அது பெரிதும் பயன்படும். கணக்கிட்டுப் பார்ப்போம். 1000 அட்டைகளுக்கு 500 ரூபாய் ஆவதாக வைத்துக்கொண்டால் அட்டை ஒன்றின் விலை 50 காசு. கண்காட்சி வாயிலில் வருவோர் போவோருக்கெல்லாம் 100 அட்டை வீசினால் 50 ரூபாய் தரையில் கிடக்கும். மாலையில் பெருக்குபவருக்கு வேலை கூடும். அப்படியன்றி, வாங்கியவருக்கு இரண்டு அட்டை கொடுத்து, “ஒன்று தங்களுக்கு, மற்றொன்று தங்கள் வீட்டில் இதைப் பார்த்து விசாரிப்பவருக்கு” என்று சொன்னால் செலவு ஒரு ரூபாய். அந்த இரண்டாவது அட்டைதான் புதிய வாடிக்கையைக் கொண்டுவரும். ஏனெனில் அதைக் கொடுப்பவர் வியாபாரி அல்லர், வாடிக்கைக்காரர். விற்பவன் சொல்லைவிட வாங்கியவர் சொல்லுக்கு எடை அதிகம்.

செல்பேசி இருக்கும்போது அட்டை எதற்கு என்போரும் உளர். எண்ணைப் பதிவு செய்துகொள்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் ‘ஜமக்காளம் அண்ணன்’ என்றும் ‘புடவை அக்கா’ என்றும் பதிந்த எண்களுள் எது எவருடையது என்று ஆறு மாதத்திற்குப் பின் அவர்களுக்கே தெரிவதில்லை. பணம் பெறுவதற்குக் கடைதோறும் க்யூஆர் குறி வைத்திருக்கிறோம். அது பணத்தைப் பெற்றுத் தருகிறதேயன்றி, எந்தத் தறியில் நெய்த சரக்கு என்பதை வாங்கியவரின் வீட்டிற்குச் சென்று சொல்வதில்லை.

அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பது பற்றி நீட்டி உரைக்க வேண்டுவதில்லை. பெயர், செய்யும் தொழில், ஊர், மாறாத ஒரு தொலைபேசி எண் இவையே போதும். முதியவரும் கண்ணாடியின்றிப் படிக்கத்தக்க எழுத்து, தமிழில் ஒரு பக்கம், வெளியூராருக்காக ஆங்கிலத்தில் மறுபக்கம். எண்ணை மாற்றிக்கொண்டவர் பழைய அட்டைகளை வழங்குவதைக் காட்டிலும் எரித்துவிடுவது மேல். எடுப்பாரில்லாத எண், பூட்டிய கடைக்குச் சமம்.

மற்றொரு விஷயம் முக்கியமானது. அட்டை என்பது தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்ளும் சாட்சி. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று கூறி விற்பவரும் அட்டை அச்சிடலாம். அச்சுக்கூடம் எவரையும் தடுப்பதில்லை. பிறர் அளிக்கும் சாட்சியே கடைத்தெருவில் நிற்கும். 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கைத்தறி முத்திரையும், பவானி ஜமக்காளத்துக்கு 2005-2006ஆம் ஆண்டிலும் ஈரோடு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டிலும் கிடைத்த புவிசார் குறியீடுகளும் அத்தகைய சாட்சிகள். இவற்றைப் பயன்படுத்தும் உரிமையை முறைப்படி பெற்று, அதன்பின் நம் பெயரை அவற்றின் அருகே பொறித்தால் அட்டைக்கும் மதிப்பு, நமக்கும் காப்பு.

இறுதியாக, பெயரைப் பற்றிய பிரச்னைக்கு வருவோம். நெசவாளர் பெயரை அட்டையில் அச்சிட்டால் வாங்குபவர் நேரே அவர் வீட்டுக்குச் சென்றுவிடுவார், சங்கம் வெறும் நூல் கொடுக்கும் இடமாகிவிடும் என்னும் அச்சத்தை நாம் இகழவில்லை. சங்கத்தின் நூலில் நெய்த சரக்கை வெளியே விற்பது சக அங்கத்தினரின் மூலதனத்தை எடுத்துத் தமதாக்கிக்கொள்வதாகும். அதற்கு நாம் ஒருபோதும் உடன்பட மாட்டோம். ஆனால் நெய்தவர் பெயரை மறைத்து வைப்பது எவருடைய வழக்கம் என்பதைச் சிந்தியுங்கள். அது தரகரின் வழக்கம். நெய்பவரையும் உடுப்பவரையும் ஒருவரையொருவர் அறியவொட்டாமல் நடுவே நின்று லாபம் பெற்றவரின் வழக்கம். அவர் பிடியிலிருந்து விடுபடவே சங்கம் கண்டோம். அவருடைய உபாயத்தையே சங்கமும் கைக்கொள்வதாயின் சங்கம் எதற்கு?

1935ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், 2010-களில் பட்டுப் புடவைகளோடு அவற்றை நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையை இணைத்து விற்கத் தலைப்பட்டது. புடவையின் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை வாங்குபவர் அறியச் செய்த நற்செயல் அது. நமது சங்கமும் இம்முறையைப் பின்பற்றலாம். நெய்தவரின் பெயர் முதலில் இருக்கட்டும். ஆர்டர் கொடுக்க வேண்டிய எண் சங்கத்தினுடையதாக இருக்கட்டும். இன்னார் கையால் வேண்டும் என்று கேட்டு வரும் ஆர்டரை அவருக்கே கொடுப்பதென நிர்வாகக் குழு உறுதி கூறட்டும். அப்போது பெயர் பெற்ற நெசவாளர் சங்கத்தை விட்டு விலகக் காரணம் இராது. பெயர் பெற விரும்பும் நெசவாளர் நெசவில் கவனம் குறைக்கவும் மாட்டார்.

இதனால் உண்மையில் பயன் விளைகிறதா என்பதை வாதத்தால் அன்றி ஏட்டால் தீர்மானிப்போம். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும், “எவ்வாறு கேள்விப்பட்டு வந்தீர்கள்?” என்று கேட்டு, அட்டை, துணிப்பட்டை, தெரிந்தவர் சொல், தற்செயல் என நான்கு கட்டங்களில் குறித்து வையுங்கள். கண்காட்சியில் கொடுக்கும் அட்டையின் மூலையில் ஒரு புள்ளி இட்டுக்கொண்டால் அது எங்கிருந்து திரும்பி வந்தது என்பதும் தெரியும். ஆறு மாத ஏட்டை அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில் வைத்தால், அட்டைக்கு மேலும் செலவிடலாமா, துணிப்பட்டைக்குச் செலவிடலாமா என்பதை அங்கத்தினர்களே முடிவு செய்யலாம்.

அந்த அம்மையார் மறுபடி ஒரு நாள் வரக்கூடும். அல்லது அவர் மகள் வரக்கூடும். அன்று அவர்கள் ஜமக்காளத்தின் மூலையைப் புரட்டிப் பார்த்து, நெய்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்கும் நிலை நமது சங்கத்தில் ஏற்பட வேண்டும். அதற்கான பணியை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் இவ்வாண்டே தொடங்குவார்களென நம்புகிறோம்.