ஒன்பது லிட்டர் வெந்நீர்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாளே அக்கா மகன் போன் செய்துவிட்டான். ஓசூர் சிப்காட்டில் வேலை. "மாமா, போனசும் சீட்டுப் பணமும் சேத்து எண்பதாயிரம் இருக்கு. ஷாக் மாத்தறதா, பிரேக் மாத்தறதா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காணும்."

அவனிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார், டர்போ என்ஜின். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதே காரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். பெங்களூரில் ஒரு கடைக்காரர் இரண்டு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். ஒன்று, உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் காயில்ஓவர் செட். இன்னொன்று, முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும் சிவப்பு காலிப்பரும். இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பெண் பார்க்கப் போய் இரண்டு போட்டோ வாங்கி வந்தவன் மாதிரி இருந்தது அவன் குரல்.

"ஞாயித்துக்கிழமை அஞ்செட்டிக்கு வா. தனியா வராதே. அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரையும் ஏத்திக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றேன்.

ஓசூரிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டை வரைக்கும் சாலை சாதுவானது. ரோஜாத் தோட்டம், பாலித்தீன் குடில், தக்காளி லாரி, பள்ளிக்கூட வேகத்தடை. அதற்கப்புறம் காடு, வளைவு, இறக்கம். 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் என்று அறிவித்த காடு இது. ராகி கதிர் முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைகள் இறங்கி வரும். வளைவு திரும்பினால் எதிரில் பஸ் நிற்கலாம், மாடு நிற்கலாம், யானையும் நிற்கலாம். இந்தச் சாலையில் வேகமாகப் போகிறவனைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தான். கார் வாசலில் நின்றதுமே நாற்றம் வந்தது, ரப்பர் செருப்பு அடுப்பில் விழுந்த மாதிரி. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். "கடைசி ரெண்டு வளைவுல பெடல் உள்ள போவுது மாமா. பிரேக் புடிக்குது, ஆனா பஞ்சு மாதிரி இருக்கு" என்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன கியர்ல இறங்கினே?"

"நாலு. சில எடத்துல நியூட்ரல்."

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 300 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிலையாற்றல் எங்கேயும் மாயமாகிவிடாது. காற்றும் என்ஜினும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் முழுக்கப் பிரேக்கில் சூடாக இறங்கும். எல்லாவற்றையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால் கிட்டத்தட்ட 29 லட்சம் ஜூல். குடத்துத் தண்ணீரில் ஒன்பது லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுசாக நிற்பதற்கு அரை லிட்டர் தண்ணீருக்கான சூடுகூட ஆகாது. ஆக, அந்த இறக்கம் முழுக்கக் காலைப் பிரேக்கில் வைத்தே வருவது, 60-ல் இருந்து இருபத்தொரு தடவை அடுத்தடுத்து நிற்பதற்குச் சமம். அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில்தான் விழும்.

"அப்போ பெரிய டிஸ்க்தானே போடணும்?" என்று குதித்தான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய டிஸ்க் என்றால் பெரிய பாத்திரம். சூடு ஏற நேரமாகும், ஆறவும் பரப்பு அதிகம். ஆனால் இதே இறக்கத்தில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் அரசு பஸ் இறங்குகிறது. அதன் டிரைவர் சிவப்பு காலிப்பரை நம்பி இறங்கவில்லை. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்களின் பழைய பாடம். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயைக் கேட்டால் தெரியும். 2020 டிசம்பரில் அங்கே சிமென்ட் லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து வரிசையாக நின்ற வண்டிகள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். காரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டினால், பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட பூஸ்டர் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

சாப்பிட்டுவிட்டு, எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற மனிதர். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஆயிலா, கடுங்காப்பியா?"

வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. பிரேக் ஆயிலுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அதற்குத் தரக்கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரி மட்டுமே. எங்கள் இறக்கம் போன்ற இடத்தில் பேட் சூடாகி, அந்தச் சூடு காலிப்பருக்குப் போய், உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், காலால் அழுத்துவது குமிழியைத்தான். அவன் சொன்ன பஞ்சு அதுதான். கடைக்காரர் காட்டிய சிவப்பு காலிப்பரை மாட்டி, உள்ளே இதே கடுங்காப்பி ஓடினாலும் அது பஞ்சாகத்தான் இருக்கும்.

பேடைக் கழற்றிக் காட்டினார். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது. சூட்டில் இறுகிப் போயிருந்தது. "இதை மாத்து, ஆயில் மாத்து, நல்லா ஏர் எடு. அவ்ளோதான் பிரேக்கு."

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. முன் மூலையில் நின்று பானெட்டை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். கார் ஒருமுறை எழுந்து அமர வேண்டும். இது மூன்று முறை ஆடியது, கல்யாண வீட்டு ஊஞ்சல் மாதிரி. பின்பக்கம் குனிந்து பார்த்தால் ஷாக்கின் உடம்பு முழுக்க எண்ணெய்க் கசிவு.

"இவ்ளோ நேரம் பிரேக் புடிக்கலன்னு அழுதீங்க. டயரு தரையிலேயே இல்லேன்னா பிரேக் எதைப் புடிக்கும்?"

இந்த ஒரு கேள்வியைக் கடைக்காரரின் இரண்டு பட்டியல்களும் கேட்கவே இல்லை. காரை நிறுத்துவது டிஸ்க் அல்ல, டயர். டிஸ்க் சக்கரத்தை மட்டுமே நிறுத்தும். வண்டியை நிறுத்துவது உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொடும் அந்த நான்கு ரப்பர்த் துண்டுகள். இன்றைக்கு ஓடுகிற கார்கள் பலவற்றில் ஏபிஎஸ் இருக்கிறது, 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு அது கட்டாயம். முழுசாக மிதித்தால் காலடியில் தடதடவென்று ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியானால் பிரேக்குக்குச் சக்தி போதும் போதும் என்கிறது. டயரின் பிடிதான் தீர்ந்திருக்கிறது. அங்கே இன்னும் பெரிய டிஸ்க் போட்டால் அதே டயரை இன்னும் சீக்கிரம் சறுக்க வைக்கலாம், ஒரு அடிகூட முன்னதாக நிற்க முடியாது. ஷாக் போன காரில் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் சக்கரம் துள்ளும். துள்ளுகிற நொடியில் பிடி கிடையாது. பேட்ச் போட்ட வளைவில் பிரேக் அடித்தால் அந்த நொடிகளெல்லாம் சேர்ந்து நிற்கும் தூரத்தை நீட்டும். ஷாக்கை நாம் இடுப்பு வலிக்காமல் இருப்பதற்கான சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஷாக்கா பிரேக்கா சண்டை பெரிய கம்பெனிகளுக்கும் உண்டு. 1961-ல் பந்தயக் கார் கட்டுகிற ஜான் கூப்பர் மினி காரை வேகக் காராக்கியபோது அதன் ரப்பர் சஸ்பென்ஷனைத் தொடவில்லை. அது ஏற்கனவே வளைவுகளில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. என்ஜினைப் பெரிதாக்கினார், முன்னால் 7 அங்குல டிஸ்க் பிரேக் போட்டார். நம் கோயம்புத்தூரில் நடந்தது வேறு. ஜெயெம் நிறுவனமும் டாடா மோட்டார்சும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்று ஒரு குட்டிக் காரை 6.39 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 114 குதிரைத்திறன் டர்போ என்ஜின்; சஸ்பென்ஷனை 4 மில்லிமீட்டர் தாழ்த்தி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றி, டயரை அகலமாக்கினார்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கே இருந்தது. வெறும் 4 மில்லிமீட்டர்! பந்தயத்தில் ஊறிய ஆட்கள் இந்தியச் சாலைக்கு ஒரு காரைத் தாழ்த்தும்போது கை வைத்த அளவு அது. பெங்களூர்க் கடையில் பையன்கள் 40 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். அந்தக் கார் 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது நின்றுபோனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த ஐ20 என் லைன் ஷாக்கையும் இறுக்கியது, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க்கும் போட்டது. இரண்டும் வேண்டும் என்றால் அதற்குத் தகுந்த விலை.

இன்னும் பின்னால் போனால், 1961-லிருந்து சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. பார்க்க அழகி. பின்னால் ஸ்விங் ஆக்சில். வளைவில் பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் வயிற்றுக்கடியில் மடங்கப் பார்க்கும். எங்கள் அப்பாவின் நண்பர் ஒருவர் அதை வைத்திருந்தார். மலைக்கு மட்டும் எடுத்து வரமாட்டார். அதற்கு எவ்வளவு நல்ல பிரேக் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

தாழ்த்துகிற ஆசைக்கு எங்கள் ஊர்ச் சாலையே பதில் சொல்லும். பேச்சுக்கு ஒரு வேகத்தடை, நிஜத்தில் ஒரு மண்மேடு. மழைக்குப் பிறகு பாலத்தின் வாயில் ஒரு பள்ளம். ஐந்து பேர் ஏறினால் ஏற்கனவே கார் உட்கார்ந்துவிடும். தாழ்த்திய ஸ்பிரிங்கில் ஷாக் முழுசாக அமுங்கி முட்டினால் அதற்கப்புறம் சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லை, கட்டை வண்டிதான். சட்டமும் ஒத்துவராது. தயாரிப்பாளர் கொடுத்த விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குத்தான் கொஞ்சம் அசைந்தான்.

ஆக என் தீர்ப்பு இது. பிரேக்குக்கு ஆயிலும் நல்ல பேடும் போதும். அது ஆயிரக்கணக்கில் முடிகிற செலவு. மிச்சப் பணத்தில் நான்கு ஷாக்கும் கம்பெனி அளவிலேயே புதிதாக, கூடவே தேய்ந்த புஷ்களும், வீல் அலைன்மென்ட்டும். அப்புறமும் காசு மிஞ்சினால் டயர். உண்மையில் டயரைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், அவனுடையது ஆறு வருஷப் பழசு. ஆனால் டயரைப் பற்றிப் பேசினால் இந்த வயசுப் பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள். பந்தயத்துக்கென்றே இருக்கும் கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ சுற்றுக்குச் சுற்று பிரேக்கை வறுத்தெடுப்பவனாக இருந்தால் பெரிய டிஸ்க்குக்கு நானே கையெழுத்துப் போடுவேன். இவன் ஓட்டுவது சிப்காட்டுக்கும் அத்தை வீட்டுக்கும்.

"அப்போ வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாதே மாமா" என்றான். முழு எண்பதாயிரமும் வீணாகப் போய்விட்டது மாதிரி.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை இரண்டாவது கியரில் இறங்கியிருக்கிறான். வாசலில் நாற்றம் இல்லை. பாலத்துப் பள்ளத்தில் ஒரே குலுக்கு, அதோடு அடங்கிவிட்டது என்று அக்காவின் கணவரே சொன்னார். அவர் எதையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. மெக்கானிக்கிடம் காட்டியபோது பானெட்டை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகு குனிந்து சக்கரத்தின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முன்னால் அதே பழைய காலிப்பர், பின்னால் அதே பழைய டிரம். நான்குக்கும் சூடு தாங்குகிற சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான்.

"ராத்திரி பூரா ஒக்காந்து அடிச்சான்" என்றாள் அக்கா. "வண்டிக்கு மருதாணி வெச்சு விட்டுருக்கான்."