அட்டையில் அச்சாகாத எண்கள்

முழுமையாகப் பொருத்தி விற்கப்படும் மேசைக் கணினியை வாங்கச் செல்வோரிடம் ஆழ வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: விலை அட்டையில் உள்ள எண்கள் எவ்வளவு பெரியவையோ, கணினியும் அவ்வளவு வல்லது என்பதே அது. ஐ5ஐ விட ஐ7 மேல், 2 ஜிபி கிராபிக்ஸை விட 4 ஜிபி மேல், 256 ஜிபியை விட 1 டிபி மேல் என்ற இந்தக் கணக்கைப் பிள்ளையின் படிப்புக்குக் கணினி வாங்கும் பெற்றோரும் போடுகிறார்கள், மொத்தமாகக் கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்களும் போடுகின்றன. அட்டையில் அச்சாகும் எண்களில் பொய்யானவை மிகக் குறைவு என்பதால்தான் இந்த நம்பிக்கை அசைவதில்லை. ஆனால் கணினியின் வேகத்தை எந்தத் தனி எண்ணும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இணை எண் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் பொருள் பிறக்கிறது. அந்த இணையில் சொற்பச் செலவில் பெரிதாக்கத்தக்க எண் அட்டைக்கு வருவதும், பணம் பிடிக்கும் எண் அட்டையிலிருந்து விடுபடுவதும் இந்த வணிகத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

செயலியின் துடிப்பு வேகத்தைக் குறிக்கும் கிகாஹெர்ட்ஸ் என்ற அளவின் வரலாறு இதற்கு முதல் சான்று. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள். ஒரு துடிப்பில் செயலி எவ்வளவு வேலையை முடிக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. கமலை இறைப்பில் சால் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று மட்டும் எண்ணி, சாலின் கொள்ளளவை விட்டுவிட்டால் வயலுக்குப் பாய்ந்த நீரைக் கணக்கிட முடியாது. 2000 நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் வெளிவந்த இன்டெலின் பென்டியம் 4, அதே நிறுவனத்தின் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3இடம் சில பணிகளில் பின்தங்கியது. காரணம் அதன் வடிவமைப்பிலேயே இருந்தது. ஒரு கட்டளையை முடிக்கப் பென்டியம் 3 சுமார் பத்துப் படிகளில் செய்ததைப் பென்டியம் 4 இருபது படிகளாகப் பிரித்துக்கொண்டது. படி சிறிதானதால் துடிப்பைக் கூட்ட முடிந்தது, துடிப்புக்கு நடந்த வேலையோ குறைந்தது. 2004இல் படிகள் முப்பத்தொன்றாகி, வெப்பம் கட்டுக்கடங்காமல் போய், அறிவிக்கப்பட்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் மாதிரியே அவ்வாண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது. 2006இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ எளிதாக முந்தியது. இடைப்பட்ட காலத்தில் ஏஎம்டி நிறுவனம், 1.53 கிகாஹெர்ட்ஸில் இயங்கிய தன் செயலிக்கு 1800+ என்று பெயரிட்டு விற்க வேண்டியிருந்தது என்பது, வாங்குவோரின் எண் பக்தி ஒரு தொழிலையே எந்த அளவுக்கு வளைத்தது என்பதைக் காட்டும்.

கிகாஹெர்ட்ஸின் மவுசு குறைந்தபோது அந்த இடத்தில் ஐ7 என்ற பெயர் வந்து அமர்ந்தது. 2008இல் அறிமுகமான இந்தப் பெயர் ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக் கணினிகளுக்குள் மட்டும் தரவரிசையைச் சுட்டுவது. தலைமுறைகளைக் கடந்து ஒப்பிட அது உதவாது. 2011இல் வந்த ஐ7-2600 செயலியில் தனித்தனியே கணக்கிடும் அலகுகளான கோர்கள் நான்கு, அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், 2022இல் வந்த ஐ3-12100 செயலியிலும் கோர்கள் நான்கு, அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அட்டையை நம்புவோர் முன்னதைத்தான் எடுப்பார்கள். பதினோர் ஆண்டு வளர்ச்சியில் ஒரு துடிப்புக்குள் முடியும் வேலை பெருகிவிட்டதால், பின்னது முன்னதை எல்லாப் பணிகளிலும் விஞ்சிவிடுகிறது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில், அலுவலகங்கள் கழித்த பழைய கணினிகள் துடைத்து மெருகேற்றி ‘ஐ7, 16 ஜிபி’ என்று விற்கப்படும்போது, ஐ7க்குப் பின்னால் வந்து தலைமுறையைக் காட்டும் நான்கு அல்லது ஐந்து இலக்கங்கள்தான் கேட்டுப் பெற வேண்டியவை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆதரவுப் பட்டியல் இன்டெலைப் பொறுத்தவரை, ஓரிரு விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆக, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ஐ7ஐ வாங்குவோர் வேகக் குறைவோடு பாதுகாப்புக் குறைவையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

முழு மாதிரி எண்ணைப் பார்த்தாலும் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 7 5700, ரைசன் 7 5700எக்ஸ் ஆகிய இரண்டிலும் எட்டுக் கோர்கள், இரண்டுக்கும் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகத்தில் முன்னதே மேல்: 3.7க்கு 3.4. அட்டையில் வராத வேறுபாடு, அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் இடைநினைவகத்தில் இருக்கிறது. மூன்றாம் நிலை இடைநினைவகம் 5700இல் 16 எம்பி, 5700எக்ஸில் 32 எம்பி. விளையாட்டுகளில் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரியும்.

‘4.9 கிகாஹெர்ட்ஸ் வரை’ என்னும் தொடரில் உள்ள ‘வரை’ என்ற சொல்லுக்கும் ஒரு விலை உண்டு. ஐ7-12700 செயலியின் அடிப்படை மின்திறன் 65 வாட், உச்சத்தில் அது 180 வாட் வரை எடுக்கும். உச்சத்தைத் தொடர்ந்து தாங்க வேண்டுமானால் தக்க குளிர்விப்பானும், உறுதியான மின்சுற்று கொண்ட மதர்போர்டும், காற்றோட்டமுள்ள பெட்டியும் வேண்டும். ஒடுங்கிய பெட்டியில் சிறிய விசிறியோடு அடைக்கப்பட்ட அதே செயலி, நீண்ட வேலைகளில் சில நொடிகளோ நிமிடங்களோ உச்சத்தில் ஓடிவிட்டுக் கீழே இறங்கிவிடும். குளிர்விப்பான் எது என்பதை எந்த அட்டையும் சொல்வதில்லை.

ஓர் எண்ணைக் காட்டி அதன் இணையை மறைக்கும் வழக்கம் மிகவும் வெட்கமின்றி நடப்பது கிராபிக்ஸ் கார்டில்தான். ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ என்பது கார்டில் படத்தரவை வைக்கும் இடத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, அந்தத் தரவு எவ்வளவு விரைவாக வந்துபோகும் என்பதையோ அதைக் கணக்கிடும் திறனையோ சொல்லவில்லை. என்விடியாவின் ஜிடி 730 கார்டின் 64 பிட் டிடிஆர்3 வகை நொடிக்கு 14.4 ஜிபி தரவைக் கடத்துகிறது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 நொடிக்கு 128 ஜிபி கடத்துகிறது. அட்டையில் இரண்டுமே 4 ஜிபிதான். ஒரே பெயருக்குள்ளும் இதே கதை நடந்திருக்கிறது: 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி கடத்திய ஜிடி 1030, 2018இல் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு 16.8 ஜிபியாகச் சுருங்கி வந்தது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரு கார்டுகள் அறிவிக்கப்பட்டபோது, நினைவகம் மட்டுமே வேறு என்று தோன்றும்படி பெயரிருந்தது. உண்மையில் கணக்கீட்டு அலகுகள் 9728, 7680 என்று வெகுவாக வேறுபட்டன. கண்டனம் எழுந்ததால் என்விடியா சில வாரங்களிலேயே 12 ஜிபி வகையைத் திரும்பப் பெற்று, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில், முன்பு சொன்னதைவிட நூறு டாலர் குறைத்து விற்றது. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டால் பெயரும் மாறும், விலையும் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ரேமில் அளவு உண்மையாகவே முக்கியம்; அங்கும் இணை எண் உண்டு. 16 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் செயலியும் நினைவகமும் ஒரே தடத்தில் பேசுகின்றன, டிடிஆர்4-3200 வகைக்கு அது நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு 8 ஜிபி துண்டுகளாக இருந்தால் இரு தடங்கள், 51.2 ஜிபி. தனிக் கார்டு இல்லாமல் செயலிக்குள் அடங்கிய கிராபிக்ஸை நம்பும் கணினியில் இந்த வேறுபாடு திரையிலேயே தெரியும், ஏனெனில் அந்த கிராபிக்ஸுக்கு ரேமே நினைவகம். சேமிப்பகத்தின் கதை இன்னும் சுருக்கமானது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், தேடும் தரவு அதைப் படிக்கும் தலையின் கீழ் வந்துசேரவே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகும், தலை நகரும் நேரம் அதற்கும் மேல். எனவே நொடிக்கு ஏறக்குறைய நூறு சிதறிய கோப்புகளைத்தான் அதனால் எட்ட முடியும், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியோ பல்லாயிரத்தை எட்டும். 1 டிபி ஹார்டு டிஸ்கை மட்டும் கொண்ட ஐ7, 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஐ3க்குப் பின்னால்தான் விழித்தெழும்.

மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலான அட்டைகளில் இடம்பெறுவதே இல்லை. இடம்பெற்றாலும் ‘80 பிளஸ்’ முத்திரையைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்வது பிழை. சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு வீணாகாமல் கணினிக்குச் சேர்கிறது என்பதையே அது அளக்கிறது. பெருநிறுவனக் கணினிகள் சிலவற்றில் பொது அளவிலிருந்து விலகிய இணைப்பிகள் பொருத்தப்படுவதால், பின்னாளில் நல்ல கிராபிக்ஸ் கார்டு சேர்க்க விரும்புவோர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வழியின்றி நிற்பதும் உண்டு.

சாதாரணப் பயனருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று ஒரு மறுப்பு எழக்கூடும். கடிதம் தட்டச்சவும் இணையம் பார்க்கவும் கணக்கு எழுதவும் கணினி வாங்குவோருக்கு ஐ7 தேவையில்லை என்பது முற்றிலும் உண்மை. அவரைத்தான் இந்த நம்பிக்கை அதிகம் சுரண்டுகிறது, ஏனெனில் தேவைப்படாத பெயருக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேவைப்படும் எஸ்எஸ்டியிலும் இரண்டாவது ரேம் துண்டிலும் அவர் சிக்கனம் பிடிக்கிறார். எண்களையே பாராமல் விலையை மட்டும் நம்பலாம் என்ற வாதமும் நில்லாது. விலையை நிர்ணயிப்போரும் எண் பக்தியை அறிந்தே நிர்ணயிக்கிறார்கள்.

ஆகவே கணினி வாங்குவோர் செயலியின் முழு மாதிரி எண், ரேம் எத்தனை துண்டு, கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயரும் நினைவக வகையும், எஸ்எஸ்டி எந்த இணைப்பு வகை, எஸ்எம்பிஎஸ் யார் தயாரித்தது, எத்தனை வாட் என்பவற்றை விலைப்புள்ளியிலேயே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். இவற்றை எழுதித்தர மறுக்கும் கடையிலிருந்து, பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் ஒட்டியிருந்தாலும், வாங்காமல் திரும்புவதே முறை.