பிஸ்டல் ஒரு ஊதல், வள்ளுவர் சொன்னது மழை

பிஸ்டல்னு சொன்னா நம்மில் பலருக்குச் சினிமா போலீஸ்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் வேலை பார்க்கும் செக் நாட்டில் அந்தச் சொல்லை எங்கள் வீட்டுப் பிள்ளை என்பார்கள். ரோபோவும் தங்களுடையதுதான் என்பார்கள், அது வேறு கதை.

1415ல் யான் ஹுஸ் என்ற பாதிரியாரைத் திருச்சபைக்கு எதிராகப் பேசியதற்காக உயிரோடு எரித்தார்கள். 1419ல் அவர் வழி வந்தவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். எதிரே இரும்புக் கவசம் போட்ட குதிரை வீரர்கள். இவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். கதிரடிக்கும் கோல், வரிசையாகக் கட்டி நிறுத்திய வண்டிகள், அதோடு மரக்கட்டையில் பொருத்திய இரும்புக் குழாய். அதில் மருந்தைத் திணித்துப் பற்றவைத்தால் குண்டு பாயும். பார்க்கப் புல்லாங்குழல் மாதிரி இருந்ததால் அதை 'பீஷ்த்யலா' என்றார்கள். ஊதல், குழல் என்று அர்த்தம். தேவாலயத்து ஆர்கனின் குழாய்க்கு இன்றும் செக் மொழியில் அதே பேர்தான்.

அதை ஒரு கையில் பிடித்துச் சுட முடியாது. ஒற்றைக் கையில் அடங்கும் ஆயுதம் வர இன்னும் நூறு வருஷம் ஆனது. அதற்குள் சொல் ஜெர்மன், பிரெஞ்சு வழியாகப் போய் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பிஸ்டல் ஆகிவிட்டது. குத்துவாளுக்குப் பேர்போன இத்தாலிய ஊர் பிஸ்டோயாவிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு ஊதல் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. வாளைவிடக் குழல்தானே துப்பாக்கிக்குக் கிட்டத்துச் சொந்தம்!

சரி, நம்ம துப்பாக்கி?

"இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வள்ளுவர் துப்பாக்கியைச் சொல்லிவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. 12ஆம் குறளில் அந்த எழுத்துகள் வருவது உண்மை. ஆனால் அதிகாரம் வான்சிறப்பு. துப்பு என்றால் அங்கே உணவு. உணவை ஆக்கித் தந்து, குடிப்பவர்க்குத் தானும் உணவாவது மழை என்கிறார். இவ்வளவு அழகான மழையை விட்டுவிட்டு அதில் போய் வெடிமருந்தைத் தேடுகிறோம்.

ஆயுதத்தின் பேர் துருக்கியிலிருந்து வந்தது. அங்கே 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்'. தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, சிங்களத்தில் துவக்குவ, ஈழத்தமிழர் வாயில் துவக்கு. எல்லாம் ஒரே குடும்பம். இதில் வேடிக்கை என்னவென்றால், 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியில் அதன் பழைய வடிவம் இருக்கிறது. சிட்டுக்குருவி அடிக்க மரப்பட்டையை உருவிச் செய்த ஊதுகுழல் அது. செக் விவசாயியும் துருக்கி வேட்டைக்காரனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பேரை வைத்திருக்கிறார்கள்.

குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்பதும் பின்னால் சேர்த்துக்கொண்ட விளக்கம்தான். வந்த சொல்லை நம் காதுக்குப் பழக்கமான ஓசையில் போட்டுக்கொண்டோம். அப்புறம் முன்னால் 'கை' சேர்த்தோம், நடுவில் ஒற்றும் மிகுந்து கைத்துப்பாக்கி ஆனது. ஒற்று மிகுந்தாச்சுன்னா குடியுரிமை கிடைச்ச மாதிரிதான். பிஸ்டலை நாம் அந்தப் பாடு படுத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டோம்.

இதை எழுத ஒரே காரணம், இங்கே வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகள். வள்ளுவர் துப்பாக்கியைச் சொன்னார் என்று நாம் சொன்னால் பன்னிரண்டு வயசுப் பிள்ளை கேட்டுக்கொண்டு சும்மா இருக்காது. போனை எடுத்து இரண்டு நிமிஷத்தில் துருக்கியைக் கண்டுபிடித்துவிடும். அடுத்த வாரம் ஆங்கிலத்தின் கேட்டமரான் நம்ம கட்டுமரம், ஷெரூட் நம்ம சுருட்டு என்று உண்மையைச் சொல்லும்போது, "இதுவும் வாட்ஸ்அப்ல வந்ததாப்பா?" என்று கேட்கும். அதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?