மடக்கும்புரத்திலிருந்து ஒரு பேனா



இந்த இதழில் பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியைப் பற்றிய கட்டுரை வருகிறது. 1936இல் அக்கா நகரில் பிறந்து, 1948இல் குடும்பத்தோடு ஊரை இழந்தவர், டமஸ்கஸில் அகதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர், பெய்ரூத்தில் பத்திரிகையாசிரியர். 1972இல் கார்க்குண்டு அவரைக் கொன்றபோது வயது 36. 1963இல் வெளிவந்த அவருடைய குறுநாவலில், பிழைப்புத் தேடிக் குவைத்துக்குப் போகும் மூவர் லொறியின் வெற்றுத் தண்ணீர்த் தாங்கிக்குள் ஒளிகிறார்கள். எல்லைக் காவலில் அதிகாரிகள் சாரதியை நிறுத்திவைத்து அரட்டையடிக்க, பாலைவன வெயிலில் மூவரும் உள்ளேயே செத்துப்போகிறார்கள். பிரஜாவுரிமைக் கடதாசிக்காகக் கந்தோர் வாசலில் காத்துக்கிடந்த மலைநாட்டு நம்மவர்களுக்கு அந்தச் சில நிமிடங்களின் நீளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நமக்கும் 1948 மறக்கக்கூடிய ஆண்டா? அதற்கு முந்தைய வருடம்தான் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில், பெரிய கங்காணி குடும்பத்தில் பிறந்தவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் சேர்ந்து, அவரைத் தெரிவுசெய்த சனங்களின் வாக்கையே பறித்தன. 1947இல் அவருடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்குப் பாராளுமன்றத்தில் 7 உறுப்பினர்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை.

சி.வி. பேனாவையும் தொழிற்சங்கத்தையும் விடவில்லை. ‘மாவலி’ இதழை நடத்தினார். தோட்டத்தில் சங்கம் அமைக்கத் துணிந்தவனின் கதையை ‘வீடற்றவன்’ நாவலாக்கினார். வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் பேர் போய்விட்டால் லயத்துக் காம்பராவும் போய்விடும். பெண்டாட்டி பிள்ளைகளோடு, சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பயம் தெரிந்த கை எழுதிய நாவல் அது.

ஆனாலும் என்னைக் கேட்டால், நாவல்களைவிட அவருடைய பெரிய கொடை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்றே சொல்வேன். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் கங்காணியை ஏசிப் பாடியவை என்று, எழுதத் தெரியாத நம் பாட்டிமார் பாடியதையெல்லாம் அவர் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். 1983இல் நூல் வந்தது. மறுவருடம் சி.வி. காலமானார். அவர் எழுதிவைக்காமல் போயிருந்தால் அந்தக் குரல்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

அவர் காதுக்கு எட்டாத பாட்டுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் அப்பாயிக்கோ அம்மாயிக்கோ நாலு அடி ஞாபகமிருந்தாலும் போதும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதி அனுப்புங்கள். சொல்லைத் திருத்த வேண்டாம். அவர்கள் பாடியபடியே இருக்கட்டும். பாடியவரின் தோட்டத்தையும் டிவிசனையும் மறக்காமல் குறியுங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென்றே இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்