பூச்சிக் கறை போகணும்... பெயின்ட் பிழைக்கணும்!

புதுச்சேரி, கரியமாணிக்கம் பக்கம் வயல்வெளிச் சாலையில் இருட்டியபின் கார் ஓட்டினால், ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் பம்பரிலும் பானெட்டிலும் அடித்து ஒட்டிக்கொள்ளும். 'ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். பூச்சி உடலின் புரதமும் அமிலமும் வெயிலில் இறுகி, பெயின்ட் மேலுள்ள கிளியர் கோட்டை அரிக்கும். அதன் தடிமன் பெரும்பாலும் 40-50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அரித்துவிட்டால், கழுவினாலும் தழும்பு போகாது.

காரை நிழலில் நிறுத்தி, சூடு ஆறவிடுங்கள். ஈரத்துணியைக் கறைமேல் 10 நிமிடம் போர்த்துங்கள். பிறகு, கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். போகவில்லையா? மறுபடி ஊறவையுங்கள். நகத்தால் சுரண்டுவது, பாத்திரம் தேய்க்கும் நார், மண்ணெண்ணெய் மூன்றும் வேண்டாம். நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்து வேக்ஸ் பூசிவைத்தால், அடுத்த முறை கறை சுலபமாக விடும்.