மருத்துவரிடம் மறைக்கலாமா?

பயிரின் நோயை மறைக்கும் உழவர் படுவான்கரையில் இல்லை. ஆயினும் உயிர் வெறுத்த எண்ணத்தை மருத்துவரிடமே மறைப்போர் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உளர். பழிக்கு அஞ்சுகின்றனர், வழக்குக்கும் அஞ்சுகின்றனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998 இலேயே நீக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை பயன்தரச் சில வாரங்கள் செல்லும். அதற்கிடையில் அவ்வெண்ணம் மிகுந்தால், சிறப்பாக இளைஞரிடத்து, அன்றே மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துதல் தகாது; அளவைத் திருத்தவும் மருந்தை மாற்றவும் அவரால் இயலும். மாத்திரைகள் வீட்டார் பொறுப்பில் இருத்தல் நன்று.

நோயாளியின் மொழியில், தனியிடத்தில், பொறுமையுடன் கேட்பது மருத்துவர் கடன். நள்ளிரவிலும் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

அன்பர்களே, மனந்திறந்து சொல்லுங்கள். வாழ்வது உங்கள் உரிமை.