தீர்ப்பு வந்தது, பணம் எங்கே?

விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் எனக்குத் தெரியும்: தீர்ப்பு வாங்குவது பாதி வேலைதான், பணத்தை வசூலித்துக் கட்சிக்காரர் கையில் கொடுப்பதுதான் மீதி. சாட் நாட்டு மக்கள் அந்த மீதிக்குத்தான் அல்லாடுகிறார்கள்.

1982 முதல் 1990 வரை ஹிசேன் ஹாப்ரே ஆண்ட காலத்தில், தலைநகர் இன்ஜமேனாவில் ஒரு நீச்சல்குளத்தையே கான்கிரீட் போட்டு மூடி, நிலவறைச் சிறையாக்கியிருந்தார்கள். ஹாப்ரேயின் சிறைகளிலிருந்து உயிரோடு மீண்ட சுலைமான் கெங்கெங், 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டி வீட்டில் ஒளித்து வைத்தார். 2016 மே 30 அன்று, செனகலில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் துணையோடு அமைந்த தனி நீதிமன்றம் ஹாப்ரேவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

மறு ஆண்டு, மேல்முறையீட்டில் 7,396 பேருக்குச் சுமார் 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்க் இழப்பீடு உறுதியானது. 2021-இல் ஹாப்ரே இறந்தே போனார். 2024-இல்தான் சாட் அரசு சுமார் 1,000 கோடியைப் பங்கிடத் தொடங்கியது.

குற்றம் சாட்டப்பட்டவரின் சொத்தை முதல் நாளே முடக்க வேண்டும். அது போதாவிட்டால், நீதிமன்றத்தை அமைத்த நாடுகளே நிதி போட வேண்டும். சாட்சி சொன்ன முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் வேலையையும் அவர்கள் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள்.